பெயரும் ஒலியும் இடாப்பும்: கொழும்புத் தமிழ்ப் பெயர்களை ஒலிவழி ஒப்பிடுதல் குறித்துச் சில சிந்தனைகள்

1. சிக்கலின் தோற்றம்

தமிழாராய்ச்சியில் ஈடுபடுவோர் பலரும் அறிந்த ஒரு சிறு இடர்ப்பாட்டிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்கலாம். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி ஆங்கிலத்தில் எழுதிய நூல்களிலே தமது பெயரின் முதலெழுத்தாக ‘எஸ்’ஸைக் கொண்டார். அவருடைய தமிழ் நூல்களைப் பட்டியற்படுத்தும் மேனாட்டு நூலகங்களோ, தமிழ்ச் சகரத்திற்குச் ‘சீ’ என்னும் எழுத்தை வழங்கும் ஒலிபெயர்ப்பு முறையைப் பின்பற்றுவன. இதனால் ஒரே ஆசிரியர் இரண்டு எழுத்துகளின் கீழ், இரண்டு பெயர்களாக நிற்கின்றார். பேராசிரியர் க. கைலாசபதியின் பெயரும் இவ்வாறே இருவகையாக எழுதப்படுகின்றது. எனினும் இரு வடிவங்களும் ‘கே’ என்னும் எழுத்திலேயே தொடங்குவதால், தேடுவோர் ஓரளவு தப்பிவிடுகின்றனர்.

இலக்கிய மாணவருக்கு இதனால் ஏற்படுவது கால விரயம் மாத்திரமே. ஆனால், இதே சிக்கல் வங்கியின் ஏட்டிலும், காப்புறுதிக் கம்பனியின் பதிவிலும், தொழிற்சாலையின் சம்பள இடாப்பிலும் தோன்றும்பொழுது அதன் விளைவு வேறாகின்றது. ஒருவருடைய பெயர் இருமுறை பதியப்படுவதும், இருவருடைய பெயர்கள் ஒன்றாகக் கொள்ளப்படுவதும் உழைப்பின் பயன் யாரைச் சென்றடைகின்றது என்ற வினாவோடு தொடர்புடையன. வர்த்தகத் தரவுகளில் இரட்டைப் பதிவுகளைக் கண்டறிவதற்கு இன்று கணினிகள் கையாளும் ஒலிவழி ஒப்பீட்டு முறையினைத் தமிழ்ப் பெயர்களின் நிலைநின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இரத்மலானைத் தொழிலாளியும் அவரது பெயர்களும்

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் தெகிவளை, கல்கிசை ஆகியவற்றைக் கடந்து இரத்மலானையை அடைவர். புகையிரதத் திணைக்களத்தின் வேலைத்தளமும், விமான நிலையமும், பல்வேறு தொழிற்சாலைகளும் அமைந்த பகுதி இது. இங்கு யோகேஸ்வரன் என்றொரு தொழிலாளி இருப்பதாகக் கொள்வோம். பதினைந்து ஆண்டுகளிலே அவர் மூன்று தொழிற்சாலைகளில் வேலை செய்துள்ளார். முதலாம் இடத்து எழுதுவினைஞர் அவர் பெயரை ‘வை’ எழுத்திலும், இரண்டாம் இடத்தவர் ‘ஜே’ எழுத்திலும் தொடங்கினர். மூன்றாம் இடத்திலே தந்தையின் பெயரே அவரது பெயராகவும், அவரது பெயர் வெறும் முதலெழுத்தாகவும் பதியப்பட்டன.

1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவாக்கப்பட்ட ஊழியர் சேமலாப நிதியத்திற்கு, இன்றுள்ள விகிதத்தின்படி, ஊழியரின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கும், தொழில்தருநரிடமிருந்து 12 பங்கும் செலுத்தப்படுதல் வேண்டும். அங்கத்தவர் இலக்கமோ தொழில்தருநரைச் சார்ந்தே வழங்கப்படுவது. வேலைத்தலம் மாறும்போது இலக்கமும் மாறுகின்றது. ஆகவே ஒரு தொழிலாளியின் வாழ்நாட் சேமிப்பு பல கணக்குகளிலே சிதறிக் கிடக்க இடமுண்டு. அவற்றை ஒன்றுசேர்க்க முற்படும்போது பெயர்கள் இணங்காவிடின், தாம் தாமே என்பதைச் சத்தியக் கடதாசி மூலம் நிறுவும் பொறுப்பு தொழிலாளியின் தலையில் விழுகின்றது. எழுதியவர் ஒருவர், தவறியவர் ஒருவர், அலைபவரோ வேறொருவர்.

மலையகத் தோட்டத் தொழிலாளரிடையே இச்சிக்கல் மேலும் கூர்மையானது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயரும், தோட்டத்துச் ‘செக்றோலில்’ வேறொரு பெயரும், அடையாள அட்டையில் மற்றொரு பெயருமாக வாழ்ந்தோர் பலர். 1948, 1949 ஆம் ஆண்டுகளின் பிரசாவுரிமைச் சட்டங்கள் பத்திர ஆதாரங்களைக் கோரிய காலத்திலே, எழுத்து வேறுபாடென்பது நாடற்ற நிலையோடு தொடர்புற்றிருந்தது என்பதை இவ்விடத்து நாம் மறந்துவிடலாகாது.

தேசிய அடையாள அட்டை இலக்கம் இருக்கையில் பெயரை ஒப்பிடுவது ஏன் என்று வினவலாம். இலக்கம் சிறந்த சான்றே. ஆயினும் எல்லா வர்த்தக ஏடுகளிலும் அது இருப்பதில்லை. மேலும் 2016 ஆம் ஆண்டு தொடக்கம் பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட புதிய எண் வழக்கிற்கு வந்தமையால், ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய எண்ணோடு ஓரிடத்தும், புதிய எண்ணோடு மற்றோரிடத்தும் ஒருவரே பதியப்படக்கூடும். பழைய எண்ணின் முன்னே 19 ஐச் சேர்த்து, பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களின் பின்னே ஒரு சுழியத்தை இட்டு, இறுதி எழுத்தை நீக்கினால் புதிய வடிவம் கிடைக்கும். இதைச் செய்யாது இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிறுவனம் ஒருவரை இருவராக்கிவிடும்.

3. ஒலிக்குறியீட்டு முறையின் வரலாறு

எழுத்து வேறுபட்டாலும் ஒலி ஒத்திருக்கும் பெயர்களை ஒரே குறியீட்டின் கீழ்க் கொண்டுவரும் முறை ‘சவுண்டெக்ஸ்’ எனப்படும். ரொபேர்ட் ரசல் என்பவர் 1918 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவிலே இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். பல நாடுகளிலிருந்தும் தொழிலாளர் வந்து குவிந்த ஒரு சமூகத்திலே, ஒரே பெயர் பலவாறு எழுதப்பட்டது. அட்டைகளில் எழுதிப் பெட்டிகளிலே அடுக்கப்பட்ட பெயர்களைக் கண்டெடுப்பது பெருநிறுவனங்களுக்கும் அரசுக்கும் இன்றியமையாததாயிற்று. ஆக, கணினி தோன்றுவதற்கு முன்னரே, காகித அட்டைகளின் காலத்திலேயே இம்முறை தோன்றிவிட்டது.

இதன் பெரும் பயன்பாடு பொருளாதார நெருக்கடிக் காலத்தில் நிகழ்ந்தமை நோக்கற்பாலது. 1935 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியபோது, முதியோர் பலரிடம் வயதை நிறுவப் பிறப்புப் பத்திரம் இருக்கவில்லை. எனவே 1880 ஆம் ஆண்டின் குடிசனக் கணக்கெடுப்பிலே பத்து வயதும் அதற்குக் குறைந்த வயதுமுடைய பிள்ளைகள் இருந்த குடும்பங்கள் சவுண்டெக்ஸ் முறைப்படி அட்டவணைப்படுத்தப்பட்டன. இதனைச் செய்தவர்கள் அரசின் நிவாரண வேலைத்திட்டத்திலே அமர்த்தப்பட்ட, வேலையிழந்த மக்கள். உழைத்துத் தளர்ந்தோரின் ஓய்வூதிய உரிமையை நிலைநாட்ட, வேலையற்றோர் பெயர்களை ஒலிவழி வகுத்தனர். ஒரு நுட்பம் யாருக்குப் பயன்படும் என்பதை அந்த நுட்பம் தானே தீர்மானிப்பதில்லை. அதனைக் கையாளும் சமூகத் தேவையே தீர்மானிக்கின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

முறை எளியது. பெயரின் முதலெழுத்து அப்படியே வைத்துக்கொள்ளப்படும். ஏனைய எழுத்துகளில் உயிர்களும், ‘எச்’, ‘டபிள்யூ’, ‘வை’ என்பனவும் விடப்படும். எஞ்சிய மெய்கள் ஆறு தொகுதிகளாகும். பகர வகரம் போன்ற இதழொலிகள் 1, ககர, சகர, ஜகர வகையின 2, தகர டகரங்கள் 3, லகரம் 4, மகர னகரமாகிய மூக்கொலிகள் 5, ரகரம் 6. அடுத்தடுத்து வரும் ஒரே தொகுதி எழுத்துகள் ஒன்றாகக் கொள்ளப்படும். முதலெழுத்தும் மூன்று இலக்கங்களும் பெற்றவுடன் குறியீடு முற்றுப்பெறும். குறைந்தால் சுழியமிட்டு நிரப்பப்படும்.

4. தமிழ்ப் பெயர்களில் ஒரு பரிசோதனை

இம்முறை நம் பெயர்களிலே முற்றாகத் தோல்வியடைகின்றது எனக் கூறுவது நேர்மையாகாது. கந்தையா என்னும் பெயரை நம்மவர் ஆங்கிலத்திலே தகரத்திற்கு ‘டீ’ இட்டும் ‘ரீ, எச்’ இட்டும் எழுதுவர். ஐகாரத்தைப் பலவாறு எழுதுவர். எவ்வாறு எழுதினும் குறியீடு கே 530 என்றே வருகின்றது. இரத்தினம் என்பது ரத்னம், ரெட்னம் என எவ்வாறு திரிந்தாலும் ஆர் 355 ஆகும். கைலாசபதி என்னும் பெயரின் இரு வடிவங்களும் கே 421 இலே சந்திக்கின்றன.

சிவத்தம்பிக்கோ ‘எஸ்’ஸில் தொடங்கினால் எஸ் 135, ‘சீ’யில் தொடங்கினால் சீ 135. இலக்கங்கள் யாவும் ஒத்திருந்தும் முதலெழுத்து ஒவ்வாமையால் இயந்திரம் இருவர் எனக் கொள்கின்றது. முதலெழுத்தைக் குறியீடாக்காது விடுவதே இதன் காரணம். தமிழ்ச் சகரம் ஆங்கிலத்திலே நான்கைந்து முகங்கள் கொள்வது. ககரமும் பகரமும் தகரமும் இவ்விரு முகங்கள் கொள்வன. ஒலிப்புடைய ஒலியையும் ஒலிப்பிலா ஒலியையும் தமிழ் ஓரெழுத்தாலேயே எழுதுகின்றது. ஆங்கிலத்தில் எழுதுபவர் இரண்டிலொன்றைத் தெரிவுசெய்தேயாக வேண்டும். அத்தெரிவு எழுதுபவரின் ஊரையும், கல்வியையும், செவியையும் பொறுத்தது.

ழகரத்தின் நிலை இதனினும் சுவையானது. யாழினி என்னும் பெயரைச் சிலர் லகரமாகவே எழுதுவர். அப்பொழுது வை 450. தமிழகத்து வழக்கைத் தழுவி ‘இசட், எச்’ இடுவோருக்கு வை 250. யாழ்ப்பாணத்தவர் சிலர் ‘ஆர், எல்’ என இரண்டும் இடுவர். அப்பொழுது வை 645. ஒரு பெண்; மூன்று எழுத்துகள்; மூன்று குறியீடுகள். ஞானசேகரம் என்பதும் அவ்வாறே. ‘ஜீ’யில் தொடங்கின் ஜீ 552, ‘என், ஜே’ எனத் தொடங்கின் என் 252.

மறுபுறத்திலே, வேறானவரை ஒன்றாக்கும் தவறும் நிகழ்கின்றது. சண்முகம் என்பதிலே ணகரமும் மகரமும் அடுத்து நிற்பதால் இரண்டும் ஒரே 5 ஆகச் சுருங்குகின்றன. குறியீடு எஸ் 525. சண்முகநாதனுக்கும் அதுவே. சிங்கத்துக்கும் அதுவே. பாலசுப்பிரமணியமும் பாலசிவமும் ஒரே குறியீட்டினைப் பெறுகின்றன. அதேவேளை பாலசுப்பிரமணியம் என்னும் ஒருவரையே ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தால் ஓரிடத்தும் பதினாறாம் எழுத்தால் மற்றோரிடத்தும் எழுதினால், அவர் இருவராகின்றார். நான்கு இடங்களுக்குள்ளே அடங்கும் குறியீடு குறுகிய ஐரோப்பியக் குடும்பப் பெயர்களுக்கென அமைந்தது. நம் பெயர்களோ நீண்டவை. அவற்றின் வேறுபாடு பெரும்பாலும் பிற்பகுதியிலேயே அமைவது.

அன்றியும், குடும்பப் பெயர் என்னும் கருத்தே நம் வழக்கிற்கு அயலானது. தந்தையின் பெயர் முதலெழுத்தாக முன்னே நிற்பதும், திருமணத்தின்பின் பெண்ணின் பெயரோடு கணவன் பெயர் சேர்வதும் நம் மரபு. முதற்பெயர், குடும்பப் பெயர் என இரு கட்டங்களை இட்டுவைத்த வர்த்தகப் படிவம், தந்தையை மகனாகவும் மகனைத் தந்தையாகவும் மாற்றிவிடுகின்றது. இலங்கையிலே இதற்கு மேலும் ஒரு படி உண்டு. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர்ப் பல தமிழ்ப் பெயர்கள் சிங்கள எழுத்திலே பதியப்பட்டு, அங்கிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றன. ழகரத்திற்குத் தனியெழுத்தில்லாத நெடுங்கணக்கின் வழியே சென்று மீண்ட பெயர் தன் பழைய உருவோடு திரும்புவதில்லை.

5. யாப்பு மரபும் ஒலியினமும்

ஒலியொத்த எழுத்துகளை இனமாக வகுக்கும் சிந்தனை நமக்குப் புதியதன்று என்பது இலக்கிய மாணவர் மனங்கொள்ளத்தக்கது. தொல்காப்பிய எழுத்ததிகாரம் மெய்களை வல்லினம், மெல்லினம், இடையினம் என வகுத்ததோடு, அவை பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் ஆராய்ந்தது. மோனைக்கு இனவெழுத்துகளை வகுத்த யாப்பியலார் சகர தகரங்களையும், ஞகர நகரங்களையும், மகர வகரங்களையும் இணைத்தனர். இனவெதுகை என்பதும் எழுத்தை விடுத்து இனத்தைக் கொள்வதே. நிலம், நிலன் எனவும், பந்தல், பந்தர் எனவும் வருவனவற்றைப் பொருள் வேறுபடாத போலி என இலக்கண நூலார் ஏற்றுக்கொண்டனர்.

இதைக் கண்டு, அமெரிக்கர் கண்டதை நம் முன்னோர் என்றோ கண்டுவிட்டனர் எனப் பெருமிதங்கொள்வது ஆய்வறிவாகாது. யாப்பியலார் செவியின்பம் கருதினர். இடாப்பினர் ஆளை இனங்காணக் கருதினர். நோக்கம் வேறாகவே வகுப்பும் வேறாகும். ஞகர நகர இணைப்பு ஞானசேகரத்தை மீட்டுத் தருகின்றது, அதனை ஏற்கலாம். சகர தகர இணைப்போ சங்கரனையும் தங்கராசாவையும் ஒரே வாயிலில் நிறுத்துவது, அதனைத் தள்ளவேண்டும். மரபிலிருந்து நாம் பெறவேண்டியது முறையியலே; முடிந்த முடிபுகளையன்று. யிதிஷ், ஸ்லாவிய மொழிப் பெயர்களுக்கென 1985 ஆம் ஆண்டிலே டெயிச், மொக்கொட்டொஃப் என்போர் தனியான சவுண்டெக்ஸ் ஒன்றை அமைத்தனர். தம் மொழியின் ஒலியியல்பை அடிப்படையாகக் கொண்டு அவர்கள் செய்ததை நாமும் செய்யலாம்.

6. நடைமுறைக்கான ஒரு வரைவு

தமிழ்ப் பெயர்களுக்கான ஒலிக்குறியீடு பின்வரும் அடிப்படைகளைக் கொள்ளலாம் என நாம் கருதுகின்றோம். முதலாவதாக, திரு, திருமதி போன்ற அடைகளையும் முதலெழுத்துகளையும் பிரித்துத் தனியே வைத்தல் வேண்டும், அழித்தலாகாது. இரண்டாவதாக, முதலெழுத்தும் குறியீடாக்கப்படல் வேண்டும். மூன்றாவதாக, ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலியினங்களுக்கு மீட்டல் வேண்டும். ‘எஸ்’, ‘சீ’, ‘ஜே’ என்பனவும் அவற்றோடு ‘எச்’ சேர்ந்தனவும் சகரம். ‘கே’, ‘ஜீ’ ககரம். லகர ளகர ழகரங்களும் ‘ஆர், எல்’ என்னும் கூட்டும் ஓரினம். மொழிமுதல் ‘ஜீ, என்’, ‘என், ஜே’ ஆகியன நகரம். மகரத்தையும் நகரத்தையும் வேறாகவே வைத்தல் நன்று. சண்முகமும் சிங்கமும் அப்பொழுதே பிரியும். நான்காவதாக, குறியீட்டை நான்கு இடங்களோடு வெட்டாது பெயரின் முடிவுவரை கொண்டுசெல்லல் வேண்டும்.

இவ்வாறு செய்யினும் குறைகள் எஞ்சும். உயிர்களை விடுவதால் கமலாவும் கோமளாவும் ஒன்றாவர். ஆகையால் ஒலிக்குறியீடு தீர்ப்பன்று. அது ஐயத்திற்குரியோரை ஓரிடத்தில் கூட்டும் அழைப்பு மாத்திரமே. அதன் உண்மைப் பயன் வேறிடத்தில் உள்ளது. பத்தாயிரம் பெயர்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் 49,995,000 ஒப்பீடுகள் வேண்டும். அவை பத்துப் பத்தாக ஆயிரம் குழுக்களாயின் 45,000 ஒப்பீடுகளே போதும். குழுவினுள்ளே பிறந்த திகதி, முகவரி, தொலைபேசி, அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றைத் துணைச்சான்றாகக் கொண்டு ஒப்பிடலாம்.

1969 ஆம் ஆண்டிலே ஃபெலெகி, சன்ரர் என்னும் இருவர் இவ்வொப்பீட்டிற்குக் கணிதவியல் அடிப்படை வகுத்தனர். அவர்கள் விடைகளை இரண்டாக அன்றி மூன்றாக வகுத்தமை மிக முக்கியமானது: ஒருவரே, ஒருவரல்லர், மனிதரால் ஆராயப்பட வேண்டியவர். அரிய பெயர் ஒத்திருப்பது வலிய சான்று. பரவலான பெயர் ஒத்திருப்பது மெலிந்த சான்று என்பதும் அவர்தம் கோட்பாட்டிலே அடங்கும். வெள்ளவத்தையில் இரண்டு சிவகுமார்கள் இருப்பதிலோ, கொட்டாஞ்சேனையில் இரண்டு பெர்னாண்டோக்கள் இருப்பதிலோ வியப்பில்லை. மூன்றாம் வகுப்பினை ஆராய ஆள்வைப்பது செலவாகும் என்பதால் பெரும்பாலும் முதலில் கைவிடப்படுவது அதுவே. செலவு மிச்சப்படுவது நிறுவனத்திற்கு. தவறின் விலையைக் கொடுப்பதோ பெயருக்குரியவர்.

எனவே, இணைப்பு எதுவும் மூலப்பதிவினை அழிக்காது நிகழ்தல் வேண்டும். இன்று ஒன்றாக்கியதை நாளை பிரிக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். யாருடைய பதிவுகள் இணைக்கப்படுகின்றனவோ அவருக்கு அறிவித்தலும் வேண்டும். முடிந்தவிடத்துப் பெயரை அதற்குரியவரின் மொழியிலும் எழுத்திலுமே முதலிற் பதிதல் யாவற்றினும் மேலானது. தமிழில் ஒருமுறை சரியாக எழுதப்பட்ட யாழினிக்கு மூன்று குறியீடுகள் தேவைப்படா.

7. இடாப்பின் அரசியல்

இடாப்பு என்பது நடுநிலையான ஏடன்று. வெள்ளவத்தை நெசவாலையின் சம்பள ஏட்டிலே சிங்களவரும் தமிழரும் மலையாளிகளும் ஒரே வரிசையில் நின்றனர். 1933 ஆம் ஆண்டு அவ்வாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது அவர்களோடு நின்ற கொல்வின் ஆர். டி சில்வா முதலியோர் 1935 இலே லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவியோரில் அடங்குவர். கூலிக்காகத் தொகுக்கப்பட்ட பெயர்கள் கூட்டுணர்வின் பெயர்களாகவும் மாறக்கூடும் என்பதற்கு இது சான்று.

எதிர்மறைச் சான்றும் நம்மிடம் உண்டு. 1983 ஆம் ஆண்டு யூலையிலே கொழும்பில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடி வந்தோர் சிலரின் கைகளிலே வாக்காளர் இடாப்புகள் இருந்தன. பெயரின் ஒலியைக் கொண்டு இனத்தை ஊகிக்கும் ஒலிவழி ஒப்பீட்டினை அன்று எந்த இயந்திரமும் செய்யவில்லை, மனிதரே செய்தனர். இரத்மலானையிலே தமிழருக்குரிய தொழிற்சாலைகள் எரிந்தன. அவற்றோடு எரிந்தது அங்கு வேலைசெய்த அனைத்து இனத்தவரின் பிழைப்புமாகும். வாக்குரிமையை உறுதிசெய்ய எழுதப்பட்ட பெயர்ப்பட்டியல் உயிருரிமையைப் பறிக்க உதவியது.

ஆகவே, பெயர்களை ஒலிவழி ஒப்பிடும் கருவி எவ்வளவு திருந்துகின்றதோ, அவ்வளவிற்கு அதனை யார், எதற்காக, யாருடைய மேற்பார்வையில் கையாளுகின்றார் என்ற வினாவும் கூர்மை பெறுகின்றது. சேமலாப நிதியத்தில் சிதறிய கணக்குகளை ஒன்றுசேர்க்க அக்கருவி பயன்படுமாயின் அது தொழிலாளியின் தோழன். மக்களைத் தரம்பிரித்து ஒதுக்கப் பயன்படுமாயின் அது பழைய இடாப்பின் வேகமான வடிவமேயாகும். தமிழ் ஒலியியலையும் யாப்பியலையும் கற்றோர் இதனைக் கணினி வல்லுநரிடம் விட்டுவிட்டு ஒதுங்கியிருத்தல் பொருந்தாது. நம் பெயர்களின் ஒலி நமக்குத் தெரியும். அந்த அறிவை, மூன்று தொழிற்சாலைகளில் உழைத்து மூன்று பெயர்களாய்ச் சிதறிய அந்த மனிதர் தம் சேமிப்பை ஒரே பெயரில் பெற்றுக்கொள்ளும் வகையிலே பயன்படுத்துவது நமது கடமையாகும்.